தோன்றி மறையும் எக்ஸ் கிரண மூலங்கள்

நம் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களுள் பெரும்பாலானவை, ஒருவன் தன் ஆயுள் முழுவதும் இரவு தவறாமல் பார்த்திருந்தாலும் பிரகாசத்தில் மாறுதல் காட்டாதவையாதலால், ஆகாயம் நிலைபேறுடையது என்னும் எண்ணம் எல்லாத் தேசத்து மக்களிடத்தும் இயல்பாகவே வேரூன்றியிருக்கிறது. அதே ஆகாயத்தை எக்ஸ் கிரணங்களைக் கொண்டு நோக்குவோமாயின் அந்த எண்ணம் நீடித்து நிற்பதில்லை. நேற்றுவரை எதுவுமே புலப்படாதிருந்த ஒரு திசையில் இன்று ஒரு மூலம் தோன்றுகிறது. சில தினங்களுக்குள் அது தன்னைச் சூழ்ந்த மூலங்களையெல்லாம் விஞ்சி ஒளிர்கிறது. பிறகு மாதக்கணக்கில் மெல்ல மங்கி, பல பத்தாண்டுகளுக்குச் சாதாரணக் கருவிகளுக்கு எட்டாத நிலையை அடைந்துவிடுகிறது. இத்தகையவற்றையே தோன்றி மறையும் எக்ஸ் கிரண மூலங்கள் என்கிறோம். இவற்றின் எழுச்சியை எவ்வாறு கண்டறிவது, எவ்வளவு சீக்கிரத்தில் கண்டறிவது, காணாமல் தவறவிட்டவை எத்தனை என்று எவ்வாறு கணிப்பது என்ற மூன்று வினாக்களும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக விஞ்ஞானிகளின் கவனத்தைக் கவர்ந்து வருகின்றன. கிடைத்துள்ள விடைகளை ஒருங்கே வைத்து ஆராயும்போது எனக்குப் படுவது இது: ஆழ்ந்து நோக்கும் தொலைநோக்கியைக் காட்டிலும் அகன்று நோக்கும் கருவியும், அக்கருவி இடைவிடாது எழுதிவைத்த ஏடுமே இத்துறையை வளர்த்தன, ஆயினும் ஓர் எழுச்சியின் உண்மையான தொடக்கம் அக்கருவிகளுக்கும் பெரும்பாலும் பிடிபடாமலே போயிருக்கிறது.

பூமியைப் போர்த்தியிருக்கும் காற்று மண்டலம் வானிலிருந்து வரும் எக்ஸ் கிரணங்களைத் தரையை எட்டவிடாமல் உறிஞ்சிவிடுவதால், இந்த ஆராய்ச்சி ராக்கெட்டுகளின் வருகைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1962-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி, நியூ மெக்ஸிகோவின் வைட் ஸாண்ட்ஸ் தளத்திலிருந்து ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவருடைய சகாக்களும் ஏவிய ஏரோபீ ராக்கெட், விருச்சிக ராசிப் பக்கத்தில் ஒரு வலிய மூலத்தைக் கண்டது. ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்று அதற்குப் பெயரிட்டார்கள். அக்காலத்து ராக்கெட் ஒவ்வொன்றும் காற்று மண்டலத்துக்கு மேலே தங்கியது சில நிமிஷங்களே. அச்சில நிமிஷங்களில் கண்டதைக் கொண்டே ஆகாயத்தின் படத்தை வரைய வேண்டியிருந்ததால், ஒரு ராக்கெட் கண்ட மூலத்தை அடுத்தது காணாதபோது, குறை கருவியிலா, ஆகாயத்திலா என்ற ஐயம் எழுந்தது. 1967 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் வூமெராவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டுகள், சென்டாரஸ் பகுதியில் முன்பு அறியப்படாத ஒரு மூலம் மிகுந்த பிரகாசத்தோடு விளங்குவதைக் காட்டின. ஸென் எக்ஸ்-2 என்று பெயர்பெற்ற அம்மூலம் பின்வந்த மாதங்களில் தேய்ந்து போயிற்று. தோன்றி மறையும் எக்ஸ் கிரண மூலம் ஒன்று உண்டென்பது நிரூபணமானது அப்போதுதான். அந்த ஆண்டுகளில் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த யு. ஆர். ராவும் அவருடைய சகாக்களும் தும்பாவிலிருந்து ராக்கெட்டுகளை ஏவி இதே சென்டாரஸ் பகுதியை அளந்தார்கள் என்பது நம் தேசத்து விண்வெளி ஆராய்ச்சியின் ஆரம்ப தினங்களைச் சேர்ந்த, அதிகம் பேசப்படாத ஒரு செய்தி.

இடைவிடாத கண்காணிப்பு என்பது முதன்முதலில் சமாதான நோக்கமல்லாத ஒரு காரணத்தால் வாய்த்தது. அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்ப்பதற்காக அமெரிக்கா அனுப்பிய வேலா வரிசைச் செயற்கைக் கோள்களுள் வேலா 5பி என்பது, 1969 முதல் பத்து ஆண்டுகள் ஆகாயத்தின் எக்ஸ் கிரணங்களையும் பதிவு செய்துவந்தது. அது பறக்கத் தொடங்கிய ஆண்டின் ஜூலை மாதத்திலேயே ஸென் எக்ஸ்-4 என்ற மூலத்தின் எழுச்சி அதற்குப் புலப்பட்டது. 1970 டிசம்பர் 12-ஆம் தேதி கென்யக் கடற்கரைக்கு அப்பாலிருந்த ஸான் மார்க்கோ மேடையிலிருந்து புறப்பட்ட உஹுரு, எக்ஸ் கிரண ஆராய்ச்சிக்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக் கோள். அதன் பதிவுகளிலிருந்து தயாரான கடைசி அட்டவணையில் 339 மூலங்கள் இடம்பெற்றன. உஹுருவின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தோன்றி மறைவனவற்றைப் பொறுத்தமட்டில், வேலாவின் கருவி அளவில் சிறியதாகவும் நுட்பத்தில் குறைந்ததாகவும் இருந்தும், பத்து ஆண்டுகள் கண் மூடாதிருந்த ஒரே காரணத்தால் தனி மதிப்புப் பெற்றுவிட்டது.

இவ்வகை மூலங்களின் இயல்பை உலகறியச் செய்தது, 1974 அக்டோபரில் அனுப்பப்பட்ட ஏரியல் 5 என்னும் பிரிட்டிஷ் செயற்கைக் கோள். 1975 ஆகஸ்டு 3-ஆம் தேதி, திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தென்கிழக்கே, மொனாஸெரோஸ் என்ற மங்கலான நட்சத்திரக் கூட்டத்தில் அது ஒரு புது மூலத்தைக் கண்டது. சில தினங்களில் அம்மூலம் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1-ஐயும் மிஞ்சி, சூரியனை விலக்கிப் பார்த்தால் எக்ஸ் கிரண ஆகாயத்தில் ஒப்பாரில்லாத பிரகாசத்தை அடைந்தது. ஏ0620-00 என்று குறிக்கப்படும் அம்மூலத்தின் இடத்தைத் தொலைநோக்கியால் நோக்கியபோது, அங்கே சாதாரண ஒளியிலும் ஒரு நட்சத்திரம் வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசித்துக்கொண்டிருந்தது. உடனே ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தின் பழைய புகைப்படத் தகடுகளைப் புரட்டினார்கள்; அதே நட்சத்திரம் 1917-ஆம் ஆண்டிலும் ஒருமுறை பொங்கி அடங்கியிருந்தது தெரியவந்தது. எக்ஸ் கிரணத் துறை பிறப்பதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேறெதையோ கருதி எடுத்துப் பத்திரப்படுத்திய கண்ணாடித் தகடு இந்த விசாரணையில் சாட்சி சொல்ல வந்ததை நினைக்கும்போது, பதிவேடுகளைக் காப்பவர்களிடத்து எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது. எழுச்சி அடங்கிய பிறகு, எஞ்சி நின்ற துணை நட்சத்திரத்தின் வேகத்தை மெக்ளின்டாக், ரெமிலார்டு என்ற இருவர் அளந்து, 7.75 மணி நேரத்துக்கொருமுறை அது சுற்றிவரும் கண்காணாத பொருளின் நிறை சூரியனைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டதென்று 1986-இல் காட்டினார்கள். நியூட்ரான் நட்சத்திரம் அவ்வளவு நிறையைத் தாங்காதாகையால், அது கருந்துளை என்பதைத் தவிர வேறு அனுமானத்துக்கு இடமில்லை. பால்வெளி மண்டலத்தில் நிறை அளந்து அறியப்பட்ட கருந்துளைகளுள் பெரும்பகுதி இவ்வாறு ஓர் எழுச்சியின் மூலமாகவே தம்மைக் காட்டிக்கொண்டவை. எழுச்சியைத் தவறவிட்டிருந்தால் அவற்றைத் தேட வேண்டிய இடமே நமக்குத் தெரிந்திராது.

எழுச்சி ஏன் நிகழ்கிறது என்பதைச் சுருக்கமாகவேனும் சொன்னாலன்றிக் கண்டறியும் முறைகளின் தராதரம் விளங்காது. கருந்துளை அல்லது நியூட்ரான் நட்சத்திரம் ஒன்றும், சாதாரண நட்சத்திரம் ஒன்றும் ஒன்றையொன்று நெருங்கிச் சுற்றும்போது, சாதாரண நட்சத்திரத்தின் வாயு மற்றதை நோக்கி இழுக்கப்படுகிறது. நேரே விழாமல் சுழன்று, தட்டுப்போன்ற ஒரு வட்டமாகச் சேர்கிறது. தட்டு குளிர்ந்திருக்கும்வரை வாயு உள்நோக்கி நகர்வது மிகச் சொற்பம். வந்து சேர்வதோ நிற்பதில்லை. இப்படிப் பல ஆண்டுகள் சேர்ந்தபின், தட்டின் ஏதோ ஒரு பகுதியில் உஷ்ணம் பத்தாயிரம் டிகிரியை நெருங்கும்போது அங்குள்ள ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கின்றன. வாயுவின் தன்மை மாறிப் பிசுபிசுப்பு மிகுகிறது. ஓர் உஷ்ண அலை தட்டு முழுவதும் பரவுகிறது. தேங்கியிருந்த வாயு அப்போது மொத்தமாக உள்ளே பாய்ந்து, கோடிக்கணக்கான டிகிரி உஷ்ணமடைந்து, பல்லாயிரம் சூரியன்களின் சக்திக்கு ஈடான எக்ஸ் கிரணங்களைப் பொழிகிறது. அமைதி நிலைக்கும் உச்ச நிலைக்கும் உள்ள வேற்றுமை பத்து லட்சம் மடங்கையும் எட்டக்கூடும். இவ்விளக்கத்துக்கு அடிகோலியவர்களுள் ஜப்பானியரான ஓஸாகி முக்கியமானவர். 1974-இல் வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களின் சிறு எழுச்சிகளை விளக்க அவர் சொன்ன கருத்தே பின்னர் விரிவடைந்து இங்கும் பொருத்தப்பட்டது. வேகமாகச் சுழன்று தன்னைச் சுற்றி வாயு வளையம் பரப்பும் பெரிய நட்சத்திரத்தைத் துணையாகக் கொண்ட நியூட்ரான் நட்சத்திரங்கள் வேறொரு வகை. ஏ0535+26 என்பதைப்போல, சுமார் 111 நாளுக்கொருமுறை துணையை அணுகும் சமயத்தில் ஒளிரும் அவற்றின் எழுச்சியைக் காலம் குறித்து எதிர்பார்க்க ஓரளவு இடமுண்டு. முன்னதில் அத்தகைய முன்னறிவிப்பு ஏதும் இல்லை.

ஆகவே எங்கே, எப்போது என்று தெரியாத ஒன்றை எதிர்பார்த்து ஆகாயம் முழுவதையும் காவல் காக்க வேண்டும். எக்ஸ் கிரணங்கள் சாதாரண ஆடியில் பிரதிபலிக்காமல் ஊடுருவவோ உறிஞ்சப்படவோ செய்வதால், அகன்ற பார்வையுள்ள கருவியை அமைப்பது பெருஞ்சிக்கலாக இருந்தது. ஏரியல் 5 ஊசித்துளைக் காமிராக்களை வைத்திருந்தது. ஒளிபுகும் துளை சிறிதாதலால் அவை பிரகாசமான மூலங்களையே கண்டன. இக்குறையை நீக்க வந்தது மறைப்புத் தகடு முறை. துளைகள் ஒழுங்கற்றதுபோல் தோன்றும் ஒரு திட்டப்படி வெட்டப்பட்ட உலோகத் தகட்டைக் கருவியின் முன் நிறுத்துவார்கள். வேலைப்பாடமைந்த பலகணியின் வழியே விழும் வெயிலின் கோலம் சூரியன் நகர நகரத் தரையில் இடம் மாறுவதுபோல, மூலம் எத்திசையில் இருக்கிறதோ அதற்கேற்பத் தகட்டின் நிழல் கருவியின் தளத்தில் இடம் பெயர்ந்து விழும். பல மூலங்களின் நிழல்கள் ஒன்றன்மேலொன்று விழுந்து கிடந்தாலும், தகட்டின் வடிவம் தெரிந்திருப்பதால் கணக்கிட்டு ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்கலாம். 1995-இன் இறுதியில் சென்ற ராஸி எக்ஸ் கிரணக் காலவேதி ஆராய்ச்சிக் கோளின் சுழலும் மூன்று காமிராக்கள், 2004 நவம்பரில் சென்ற ஸ்விஃப்ட் கோளின் பெரிய கருவி, 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நம் அஸ்ட்ரோஸாட்டின் ஆகாயக் கண்காணிப்புக் கருவி ஆகிய அனைத்தும் இம்முறையைத் தழுவியவை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இயங்கும் ஜப்பானிய மாக்ஸி, நீண்ட பிளவுகளின் வழியே நோக்கி, நிலையம் பூமியைச் சுற்றும் 92 நிமிஷத்துக்கொருமுறை ஆகாயத்தின் பெரும்பகுதியைத் தடவிவிடுகிறது. இன்னொரு முறையில் பூமியையே திரையாக்கினார்கள்: பூமியின் விளிம்புக்குப் பின் ஒரு மூலம் மறையும்போதும் வெளிப்படும்போதும் எண்ணிக்கையில் விழும் படியைக் கொண்டு மூலத்தை அறிந்தார்கள். காம்ப்டன் ஆராய்ச்சிக் கோளின் பாட்ஸ் கருவி இப்படித்தான் தன்னிடம் படம் எடுக்கும் வசதி இல்லாமலே பல மூலங்களைப் பின்தொடர்ந்தது.

மறைப்புத் தகட்டில் ஒரு குறை உண்டு. பார்வையிலுள்ள எல்லா மூலங்களின் கிரணங்களும் கருவியின் தளம் முழுவதும் பரவி விழுவதால், ஒரு பிரகாசமான மூலம் படம் முழுவதிலும் இரைச்சலைக் கூட்டிவிடுகிறது. மங்கலானவை அதில் அமிழ்ந்துபோகின்றன. சிங்கி இறாலின் கண் அமைப்பைப் பின்பற்றி, நுண்ணிய சதுரத் துளைகளின் உட்சுவர்களில் கிரணங்களை மேலோட்டமாகப் பிரதிபலிக்கச் செய்து குவிக்கலாம் என்று 1979-இல் ரோஜர் ஏஞ்சல் யோசனை கூறினார். அத்தகைய துளைகளைச் செவ்வனே செய்யும் கைத்திறன் வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. சீனா 2024 ஜனவரி 9-ஆம் தேதி அனுப்பிய ஐன்ஸ்டைன் ப்ரோப் அந்த யோசனையைப் பெரிய அளவில் நிறைவேற்றியிருக்கிறது. அதன் பன்னிரண்டு பகுதிகளும் சேர்ந்து ஒரே சமயத்தில் சுமார் 3,600 சதுர டிகிரியை, அதாவது முழு ஆகாயத்தில் பதினொன்றில் ஒரு பங்கை, நோக்குகின்றன. அகலமும் நுட்பமும் ஒரே கருவியில் இவ்வளவு கூடியது இதற்குமுன் இல்லை.

கருவி அமைந்தபின் அது எண்ணிய எண்களைப் படிக்கும் வேலை இருக்கிறது. எனக்கு இதுவே முழு விஷயத்திலும் மிக நுட்பமான பகுதியாகத் தோன்றுகிறது. எக்ஸ் கிரணங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவதால், மாறுதலே இல்லாத மூலத்திலும் எண்ணிக்கை ஏறி இறங்கியபடியே இருக்கும். தற்செயலான அந்த ஏற்றத்துக்கு அப்பால் எது உண்மையான எழுச்சி என்று நிர்ணயிக்க ஒரு வரம்பு வைக்க வேண்டும். திட்ட விலக்கத்தைப்போல் மூன்று மடங்கு என்று வரம்பு வைத்தால், தற்செயலாக அது மீறப்படுவது சுமார் 740 முறைக்கு ஒரு தடவை. கேட்பதற்கு அரிதாகத் தோன்றினும், ஆயிரம் இடங்களை ஒரு நாளில் பதினைந்து முறை நோக்கும் கருவிக்கு அது தினந்தோறும் இருபது பொய் அறிவிப்புகளைத் தந்துவிடும். ஐந்து மடங்கு என்று உயர்த்தினாலோ, பொய் என்பது முப்பத்தைந்து லட்சத்துக்கு ஒன்றாகக் குறையும். ஆனால் மெதுவாக வளரும் எழுச்சி வரம்பைத் தொடுவதற்குள் பல தினங்கள் கழிந்துவிடும். எனவே ஒரு சுற்று, ஒரு நாள், ஒரு வாரம் என்று வெவ்வேறு கால அளவுகளில் எண்ணிக்கைகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு வைத்துச் சோதிப்பது வழக்கமாயிற்று. இதற்கு அடிப்படையான அளவுகோலாக, 1054-ஆம் ஆண்டில் வெடித்த நட்சத்திரத்தின் எச்சமாகிய நண்டு நெபுலாவை, மாறாத பிரகாசம் உடையதென்று கொண்டு வைத்திருந்தார்கள். 2008-க்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த அளவுகோலே ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு தேய்ந்திருந்ததைப் பல கோள்களின் பதிவுகளை ஒப்பிட்டு 2011-இல் வெளியிட்டார்கள். ஒரே கருவியை மட்டும் நம்பியிருந்தால் பழி கருவியின் மேல் போயிருக்கும்.

வரம்பை மீறியது என்னவென்று இனங்காண்பதும் எளிதன்று. நியூட்ரான் நட்சத்திரத்தின் மேற்பரப்பில் சேர்ந்த வாயு அணுச்சேர்க்கையால் சில விநாடிகள் வெடிப்பதுண்டு. தூரத்து நட்சத்திர மண்டலங்களில் நிகழும் காமாக் கிரண வெடிப்பு உண்டு. அருகிலுள்ள சிறு நட்சத்திரங்களின் சுடர்களும் உண்டு. 2023 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஸ்விஃப்ட் கண்ட ஒரு மூலத்தை முதலில் காமாக் கிரண வெடிப்பு என்றே அறிவித்தார்கள். அது அடங்காமல் மேன்மேலும் வளர்ந்ததைக் கண்ட பிறகுதான் நம் மண்டலத்தைச் சேர்ந்த எழுச்சி என்று தெளிந்து, ஸ்விஃப்ட் ஜே1727.8-1613 என்று பெயரிட்டார்கள். இங்கே நிர்ணயம் செய்தது காலமே.

கருவிகளின் குருட்டுப் பகுதிகளைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சூரியனுக்கு அருகிலுள்ள பகுதியைக் கண்காணிப்புக் கருவிகள் பொதுவாகத் தவிர்த்துவிடுகின்றன. எக்ஸ் கிரண இரட்டை நட்சத்திரங்கள் மிக நெருங்கிக் கிடப்பது நம் மண்டலத்தின் மையம் உள்ள தனுசு ராசிப் பக்கத்தில். சூரியன் அவ்விடத்தைக் கடப்பது மார்கழியின் முதல் தினங்களில். ஆகவே ஆண்டுதோறும், மூலங்கள் மலிந்த இடமே சில வாரங்கள் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் எழுச்சி அச்சமயத்தில் நிகழ்ந்தால் அதை அறிய வழியில்லை. மற்றொன்று, உச்சத்திலும் சாதாரண எழுச்சியில் நூற்றிலொரு பங்குக்கு மேல் எட்டாத மிக மங்கலான வகை. அகன்ற கருவிகளின் வரம்புக்குக் கீழேயே பிறந்து மடியும் இவற்றை, மண்டல மையத்தை அடிக்கடி நோக்கும் ஆழ்ந்த தொலைநோக்கிகள் தற்செயலாகக் கண்டிருக்கின்றன. 2008 ஜனவரி 9-ஆம் தேதி, தூரத்து நட்சத்திர மண்டலம் ஒன்றில் வேறொரு வெடிப்பை ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்விஃப்டின் குறுகிய தொலைநோக்கியில், அதே மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடிக்கும் முதல் நிமிஷங்களின் எக்ஸ் கிரணங்கள் விழுந்ததும் இவ்வகை யோகமே. யோகத்தை நம்பி ஒரு விஞ்ஞானத்தை நடத்த முடியாது.

இனித் தொடக்கத்தைப் பற்றிய வினா. எக்ஸ் கிரணக் கண்காணிப்புக் கருவி ஓர் எழுச்சியை அறிவிக்கும்போது, தட்டில் எரியத் தொடங்கிய அலை தன் பிரயாணத்தின் பெரும்பகுதியை முடித்திருக்கிறது. 1996 ஏப்ரலில் ஜிஆர்ஓ ஜே1655-40 என்ற மூலம் எழுந்தபோது, சாதாரண ஒளி எக்ஸ் கிரணங்களுக்குச் சுமார் ஆறு நாள் முன்னதாகவே ஏறத் தொடங்கியதை, வேறு காரணத்துக்காக அதை நோக்கிக்கொண்டிருந்தவர்கள் கண்டார்கள். தட்டின் உட்பகுதி அமைதிக் காலத்தில் ஆவியாகி வெற்றிடமாயிருப்பதால், வெளிப்புறத்து வாயு வந்து அதை நிரப்பிய பிறகே எக்ஸ் கிரணங்கள் பெருகுகின்றன என்று இத்தாமதத்துக்கு விளக்கம் கூறப்பட்டது. 1938-இலும் 1989-இலும் பொங்கிய வி404 ஸிக்னி 2015 ஜூனில் மறுபடி எழுந்தபோது, சுமார் ஒரு வாரத்துக்கு முன்பே அதன் ஒளி கூடியிருந்தது பதிவுகளிலிருந்து பிற்பாடு தெரிந்தது. 2018 மார்ச்சு மாதத்தில், பின்னர் மாக்ஸி ஜே1820+070 எனப்பட்ட மூலத்தை, வெடிக்கும் நட்சத்திரங்களைத் தேடும் சிறு தொலைநோக்கிகளின் கூட்டம் 6-ஆம் தேதியே கண்டுகொள்ள, மாக்ஸி 11-ஆம் தேதி கண்டது. 2019-இல் எஸ்ஏஎக்ஸ் ஜே1808.4-3658 என்னும் நியூட்ரான் நட்சத்திரத்தை, வரும் எழுச்சியை எதிர்பார்த்தே காத்திருந்து நோக்கினார்கள். ஒளியின் ஏற்றத்துக்கும் எக்ஸ் கிரணங்களின் ஏற்றத்துக்கும் இடையே சுமார் பன்னிரண்டு நாள் கழிந்தது.

நான்கு இடங்களில் நான்கு வேறு தாமதங்கள். அலை வெளியிலிருந்து உள்ளே போகிறதா, இடையில் எங்கோ தோன்றி இருபுறமும் பரவுகிறதா, அழிந்த உட்பகுதி எவ்வளவு பெரிது என்பவற்றையெல்லாம் இத்தாமதங்களே சொல்லக்கூடியவை. ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை முழுமையாகப் பதிவான எழுச்சிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. இதனால் சில ஆராய்ச்சியாளர், தெரிந்த பழைய மூலங்களை ஒளித் தொலைநோக்கிகளால் வாரந்தோறும் நோக்கி, வழக்கமான ஒளியினின்றும் சிறிது உயர்ந்தாலும் எச்சரிக்கை தரும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். இது மிகப் பயனுள்ள முயற்சி என்றே நான் கருதுகிறேன். எனினும் தெரிந்தவற்றுக்கே இது பயன்படும் என்பதையும், தனுசுப் பகுதியில் அடர்ந்துள்ள தூசி ஒளியை மறைத்து எக்ஸ் கிரணங்களை மட்டும் ஓரளவு விடுவதால் அங்கே இதற்கு வேலையில்லை என்பதையும் மறக்கலாகாது. மென்மையான எக்ஸ் கிரணங்களில், பழைய கருவிகளைவிடப் பன்மடங்கு நுட்பத்தோடு அகன்று நோக்கும் ஐன்ஸ்டைன் ப்ரோப் போன்றவை, எழுச்சியின் முதல் தினங்களை எக்ஸ் கிரணத்திலேயே காட்டும் என்று எதிர்பார்க்க நியாயமிருக்கிறது.

காணாமல் விட்டவற்றைக் கணிக்கும் வினாவும் இதனோடு பிணைந்தது. பால்வெளி மண்டலத்தில் இவ்வகை இரட்டைக் கருந்துளைகள் எத்தனை என்று மதிப்பிட, கண்டவற்றின் தொகையையும், ஒரு மூலம் எத்தனை ஆண்டுக்கொருமுறை எழுகிறது என்பதையும், எழுந்தவற்றில் எத்தனை நம் கண்ணில் பட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடைசி எண்ணே தடுமாற்றமானது. ஏ0620-00 விஷயத்தில் 1917-க்கும் 1975-க்கும் இடையே 58 ஆண்டுகள் என்கிறோம். தகடுகளில் இடைவெளி உள்ள ஆண்டுகளில் இன்னோர் எழுச்சி நிகழவில்லை என்று யார் உறுதி கூற முடியும்? எந்த நாளில் எந்தத் திசையை எந்த வரம்புவரை நோக்கி ஒன்றும் காணவில்லை என்ற பதிவு, கண்டதைப் பற்றிய பதிவுக்குச் சமமான மதிப்புடையதாவது இக்கணக்கில்தான். ராஸி கோளின் கண்காணிப்புக் கருவி 1996 தொடக்கம் 2011 முடியவும், மாக்ஸி 2009 முதல் இன்றுவரையும், இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றோடொன்று மேற்பொருந்தி ஆகாயத்தைக் கவனித்திருப்பதால், வரம்புகளை ஒப்பிட்டுச் சரிசெய்யத்தக்க கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தொடர் ஏடு ஒன்று நம்மிடம் இருக்கிறது. மாக்ஸியும் ஸ்விஃப்டும் ஓய்வதற்குள் புதுக் கருவிகள் அவற்றோடு சில ஆண்டுகள் சேர்ந்து ஓடுமாயின் அவ்வேடு அறுபடாமல் நீளும்.